ஞானப்பல் எடுத்த பிறகு: முதல் ராத்திரியிலிருந்து இரண்டு வாரம் வரை

ஞானப்பல் எடுத்தால் டாக்டர் ஒரு சீட்டு கொடுத்து அனுப்புவார். அதில் பத்துப் பன்னிரண்டு 'கூடாது' இருக்கும். துப்பக் கூடாது, ஸ்ட்ரா கூடாது, சூடாகக் குடிக்கக் கூடாது, சிகரெட் கூடாது. காரணம் தெரியாமல் படித்தால் வீட்டுக்கு வருவதற்குள் பாதி மறந்துவிடும். எனக்கு அப்படித்தான் மறந்தது. சேலம் அம்மாபேட்டையில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்த அன்று சாயங்காலம் அம்மாயி, "வாயெல்லாம் ரத்தத்தோட இருக்காத கண்ணு, நல்லா கொப்பளிச்சுத் துப்பு" என்றார். அவர் சொன்னது பாசத்தில். நானும் நாலு தடவை பலமாகக் கொப்பளித்துத் துப்பினேன். மூன்றாம் நாள் ராத்திரி வலி தாடையில் ஆரம்பித்துக் காதுக்குள் போய் நெற்றிப்பொட்டு வரை ஏறியது. மாத்திரைக்கு அடங்கவில்லை. விடியும் வரை உட்கார்ந்தே இருந்தேன்.

அதற்குப் பிறகு தம்பிக்கும், போன வருஷம் ஏற்காட்டிலிருந்து வந்த அண்ணன் மகளுக்கும் பல் எடுத்தபோது பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டேன். இரண்டு பேருக்கும் அந்த வலி வரவில்லை. முதல்முறை பல் எடுக்கப் போகிறவர்களுக்காக, நான் கற்றுக்கொண்டதை நாள் வாரியாக எழுதுகிறேன்.

முதலில் ஒரே ஒரு விஷயம். பல் எடுத்த குழியில் ரத்தம் நிறைந்து, கொஞ்ச நேரத்தில் ஜெல்லி போல உறைந்து நிற்கும். அதற்குக் கீழே எலும்பும் நரம்பு நுனிகளும் திறந்து கிடக்கின்றன. கையில் வெட்டுப் பட்டால் துணி சுற்றுகிறோம். வாய்க்குள் சுற்ற வழியில்லை, அந்த ரத்தக் கட்டிதான் கட்டு. புதுச் சதை அதன்மேல்தான் வளர வேண்டும். கட்டி கழன்றாலோ, நேரத்துக்கு முன்பே கரைந்தாலோ எலும்பில் காற்றும் சாப்பாடும் படும். டாக்டர்கள் 'ட்ரை சாக்கெட்' என்று சொல்வது அதைத்தான். சீட்டில் இருக்கும் எல்லாக் 'கூடாது'க்கும் இந்தக் கட்டியை மனதில் வைத்துக் காரணம் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் பதில் கிடைத்துவிடும். துப்பினாலும் உறிஞ்சினாலும் வாய்க்குள் இழுவிசை உண்டாகிக் கட்டி பிடுங்கிக்கொண்டு வரும். சூடு பட்டால் இளகும். புகை பிடித்தால் உறிஞ்சுவதும் சேர்ந்துகொள்ளும், புண்ணுக்கு வரும் ரத்த ஓட்டமும் குறையும்.

நாள் குறிக்கும்போது

ஞானப்பல் பெரும்பாலும் 17 வயதிலிருந்து 25 வயதுக்குள் முளைக்கும். எல்லாருக்கும் எடுக்க வேண்டியதில்லை. இடமில்லாமல் சாய்ந்தோ படுத்தோ ஈறுக்குள் மாட்டிக்கொண்டு, அடிக்கடி வீங்கினாலோ பக்கத்துப் பல்லைச் சொத்தையாக்கினாலோதான் எடுக்கச் சொல்வார்கள். தாடை முழுவதும் தெரிகிற எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து முடிவு செய்வார்கள்.

எடுப்பது என்று ஆகிவிட்டால், அவசரமில்லாத பட்சத்தில் திங்கள் அல்லது செவ்வாய் காலையில் நேரம் கேளுங்கள். ரத்தக் கசிவு தொந்தரவு தந்தால் முதல் நாளில் தரும். ட்ரை சாக்கெட் வந்தால் பெரும்பாலும் இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் வரும். வியாழன், வெள்ளியில் எடுத்தால் அந்த நாட்கள் ஞாயிற்றுக்கிழமையில் விழும், நிறைய கிளினிக் பூட்டியிருக்கும். காலையில் எடுத்தால் இன்னொரு வசதி: ரத்தம் நிற்கவில்லை என்றால் அன்றைக்கே திரும்பப் போய்க் காட்டலாம்.

முன்கூட்டியே டாக்டரிடம் சொல்ல வேண்டியவை: சர்க்கரை, ரத்த அழுத்தம், ஆஸ்துமா, வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, கர்ப்பம், மருந்து ஒவ்வாமை, கருத்தடை மாத்திரை. இதயத்துக்காக ஆஸ்பிரின், குளோபிடோகிரல் போல ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைத் தாங்களாக நிறுத்திவிட வேண்டாம். நிறுத்துவதில்தான் பெரிய ஆபத்து இருக்கலாம். அந்த மாத்திரைச் சீட்டையே கையில் எடுத்துப் போய்க் காட்டுங்கள்.

மரத்துப்போகும் ஊசி மட்டும்தான் என்றால், வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். நாலு இட்லி உள்ளே இருந்தால் மயக்கம் வராது, பிறகு சில மணி நேரம் சாப்பிட முடியாததும் தெரியாது. தூங்க வைத்து எடுப்பதாக இருந்தால் மட்டும் வெறும் வயிற்றோடு வரச் சொல்வார்கள், எத்தனை மணியிலிருந்து என்று கேட்டுக்கொள்ளுங்கள். எப்படியானாலும் துணைக்கு ஒருவர் வேண்டும்.

மலையிலிருந்து வருபவர்களுக்கு

ஏற்காடு, நாகலூர், செம்மடுவு, வாழவந்திப் பக்கத்திலிருந்து சேலத்துக்கு இறங்கிவந்து பல் எடுப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். முடிந்தால் அன்று ராத்திரி சேலத்திலேயே யார் வீட்டிலாவது தங்குங்கள். அடிவாரத்திலிருந்து மேலே போக 20 கொண்டை ஊசி வளைவு. பல் எடுத்த அன்று எச்சிலோடு கொஞ்சம் ரத்தமும் உள்ளே போகும், அதுவே குமட்டும். வளைவில் பஸ் சுற்றினால் வாந்தி வந்துவிடும். வாந்தி எடுக்கும்போது வாயில் ஏற்படும் அழுத்தம் புதுக் கட்டிக்கு ஆகாது. ராத்திரி மலை மேல் இருக்கும்போது ரத்தம் நிற்காமல் போனால் வளைவெல்லாம் திரும்பி இறங்கியும் வர வேண்டும்.

அண்ணன் மகள் எங்கள் வீட்டில் இரண்டு ராத்திரி தங்கினாள். மூன்றாம் நாள் காலை டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிட்டு, ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து, கன்னத்தை ஈரத் துண்டில் தாங்கிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தாள். மேல் தாடைப் பல் எடுத்தவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அந்தப் பல்லின் வேருக்கு மேலே சைனஸ் அறை இருக்கிறது. மலையேறும்போது காது அடைத்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஊதித் திறக்கப் பார்க்காதீர்கள். எச்சிலை விழுங்கினால் போதும். சளி பிடித்திருந்தாலும் மூக்கைப் பலமாகச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்தபடி தும்மிவிடுங்கள்.

முதல் நாள்

பல் எடுத்ததும் பஞ்சை வைத்துக் கடித்துக்கொள்ளச் சொல்வார்கள். முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம், அழுத்தமாக, பேசாமல், நடுவில் எடுத்துப் பார்க்காமல் கடிக்க வேண்டும். எத்தனை பேர் பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் எடுத்துக் கண்ணாடியில் பார்க்கிறார்கள் தெரியுமா? ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் பஞ்சில் ஒட்டிய கட்டியும் கூடவே வரும்.

பஞ்சை எடுத்த பிறகும் எச்சில் இளஞ்சிவப்பாக வரும். ராத்திரி வரை வரலாம், மறுநாளும் லேசாக இருக்கலாம். ஒரு சொட்டு ரத்தம் வாய் நிறைய எச்சிலில் கலந்தால் பார்க்க ரத்தமாகவே தெரியும், பயப்பட வேண்டாம். துப்பாமல் விழுங்கிவிடுங்கள். பிடிக்கவில்லை என்றால் தலையைச் சாய்த்துத் துண்டில் தானாக வழியவிடலாம். ரத்தம் கெட்டியாக, சிவப்பாக, வாய் நிறைந்து வந்துகொண்டே இருந்தால் அது வேறு. நிமிர்ந்து உட்கார்ந்து, சுத்தமான பஞ்சுத் துணியை நனைத்துப் பிழிந்து மடித்து, சரியாகக் குழியின் மேல் வைத்து அரை மணி நேரம் அழுத்திக் கடியுங்கள். டீத்தூள் பை இருந்தால் நனைத்து அதையே வைத்துக் கடிக்கலாம், டீயின் துவர்ப்பு ரத்தம் உறைய உதவும். இரண்டு முறை செய்தும் நிற்கவில்லை என்றால் காலை வரை காத்திருக்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள்.

உதடும் நாக்கும் இரண்டிலிருந்து நாலு மணி நேரம் மரத்திருக்கும். அதுவரை எதையும் மெல்ல வேண்டாம். உதட்டைக் கடித்தாலும் தெரியாது, காபி சுட்டாலும் தெரியாது. தம்பிக்கு மறுநாள் பல் எடுத்த இடத்தைவிட அவன் கடித்து வைத்த கீழ் உதடுதான் அதிகம் எரிந்தது.

வலி மாத்திரையின் முதல் வேளையை மரப்பு முழுக்க விடுவதற்கு முன்பே போடுங்கள். வலி உச்சிக்கு ஏறிய பிறகு இறக்குவது கஷ்டம். மருந்து விஷயத்தில் நான் அதிகம் பயப்படுவது ஒன்றைப் பார்த்துத்தான்: டாக்டர் எழுதியது போதவில்லை என்று மருந்துக் கடையில் இன்னொரு வலி மாத்திரை வாங்குவது. நிறைய கூட்டு மாத்திரைகளுக்குள் பாராசிட்டமாலும் சேர்ந்திருக்கும். அதோடு டோலோ 650-ஐயும் போட்டால் ஒரே மருந்து இரண்டு மடங்கு போகும். பாராசிட்டமால் அளவு மீறினால் கல்லீரல் கெடும். நல்ல உடல்நிலையில் இருக்கும் பெரியவர்களுக்கே எல்லா மாத்திரையும் சேர்த்து ஒரு நாளுக்கு 4 கிராம்தான் உச்சவரம்பு. அட்டையைத் திருப்பிப் படியுங்கள், புரியவில்லை என்றால் டாக்டருக்குப் போன் போடுங்கள். ஆன்டிபயாடிக் எழுதியிருந்தால் சொன்ன நாள் வரை சாப்பிடுங்கள். எழுதவில்லை என்றால் நீங்களாக வாங்க வேண்டாம். மெட்ரோனிடசோல் கொடுத்திருந்தால் அது முடிந்து மூன்று நாள் ஆகும் வரை மதுவைத் தொடவே கூடாது.

ஐஸ் ஒத்தடம் முதல் நாளுக்கு. ஐஸைத் துணியில் சுற்றிக் கன்னத்தின் வெளிப்பக்கம் 20 நிமிஷம் வையுங்கள், 20 நிமிஷம் விடுங்கள். ஏற்காட்டுக் குளிரில் ஐஸா என்று தோன்றும், ஆனாலும் வையுங்கள். முதல் நாளில் கன்னத்துக்குச் சூடு காட்டினால் கசிவும் வீக்கமும் கூடும். தூங்கும்போது தலைக்கு இரண்டு தலையணை, மேலே ஒரு பழைய துண்டு.

இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும்

காலையில் கண்ணாடி பார்த்தால் மனசு விட்டுப்போகும். கன்னம் முந்தைய நாளைவிடப் பெரிதாக இருக்கும். வீக்கம் இரண்டு, மூன்று நாள் வரை ஏறி, அப்புறம்தான் வடியும். இது வழக்கமான போக்கு. கன்னத்திலோ கழுத்திலோ மஞ்சளும் ஊதாவுமாகக் கன்றியிருந்தாலும் தானே மறையும். இரண்டாம் நாளிலிருந்து ஐஸை விட்டுவிட்டு, வெதுவெதுப்பான ஈரத் துணி ஒத்தடத்துக்கு மாறுங்கள்.

24 மணி நேரம் கழிந்த பிறகு உப்புத் தண்ணீர். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பு. இதைக் கொப்பளிப்பது என்று சொல்வதே தவறோ என்று எனக்குத் தோன்றுகிறது, ஏனென்றால் அந்தச் சொல்லைக் கேட்டதும் நம் கன்னம் தானாக வேகமாக ஆடும். வாயில் கொஞ்சம் வைத்துக்கொண்டு, தலையை மட்டும் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் மெதுவாகச் சாயுங்கள். பிறகு வாஷ்பேசின் மேல் குனிந்து வாயைத் திறந்தால் தண்ணீர் தானே விழும். சாப்பிட்ட பிறகெல்லாம் செய்யுங்கள், ஒரு வாரம். மற்ற பற்களை மென்மையாகத் துலக்கலாம், குழிப் பக்கம் மட்டும் பிரஷ் போகக் கூடாது. குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் கொடுத்திருந்தால் சொன்ன நாளுக்கு மேல் வேண்டாம், பல்லில் கறை ஏறும்.

இந்த நாட்களில்தான் செல்போன் டார்ச்சை அடித்துக் குழியைப் பார்ப்பீர்கள். எல்லாரும் பார்ப்பார்கள். உள்ளே வெள்ளையாகவோ லேசான மஞ்சளாகவோ ஒரு படலம் தெரியும். சீழ் என்று பயந்தோ சோற்றுப் பருக்கை என்று நினைத்தோ பல்குச்சியால் நோண்டாதீர்கள். ஆறும் புண்ணின் மேல் படியும் படலம் அது. சீழ் என்றால் வீக்கம் ஏறும், காய்ச்சல் வரும், அழுத்தினால் வழியும், வாயில் கெட்ட சுவை இருக்கும்.

வேலைக்குப் போவது எப்போது? உட்கார்ந்து பார்க்கும் வேலை என்றால் பெரும்பாலும் இரண்டு, மூன்று நாளில் போகலாம். லீ பஜாரில் மூட்டை தூக்குபவர்கள், எஸ்டேட்டில் காபிப்பழம் பறித்துச் சுமப்பவர்கள் இன்னும் சில நாள் பொறுக்க வேண்டும், குனிந்து பாரம் தூக்கினால் தலைக்கு ரத்தம் ஏறிக் கசியும். வெள்ளிக் கொலுசு வேலையில் ஊதுகுழலை வாயில் வைத்துப் பற்றவைப்பவர்கள், நாதஸ்வரம் வாசிப்பவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் தொழிலைச் சொல்லி, எத்தனை நாள் ஊதக் கூடாது என்று கேளுங்கள். அவர்கள் கேட்காவிட்டால் டாக்டருக்குத் தெரிய வழியில்லை.

சாப்பாடு

இதில் சேலத்துக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். நம்மூர் ஜவ்வரிசி இந்த நாட்களுக்கென்றே செய்தது போல இருக்கும். கைப்பிடி ஜவ்வரிசியை ஊறவைத்து, மணி முழுக்கக் கண்ணாடி போல ஆகும் வரை வேகவைத்து, மிக்ஸியில் ஒரு சுற்று சுற்றி, பால் அல்லது மோர் விட்டு நீர்க்கக் கரைத்து ஆறவைத்துக் குடியுங்கள். அரைப்பது முக்கியம், முழு மணி குழிக்குள் போய் உட்காரும். ஆனால் ஜவ்வரிசி என்பது குச்சிக்கிழங்கு (மரவள்ளி) மாவு, அதில் தெம்பு மட்டும்தான் இருக்கிறது. புண் ஆற புரதம் வேண்டும். பருப்புத் தண்ணீர், தயிர், பால், இரண்டாம் நாளிலிருந்து நன்றாக மசித்த அவித்த முட்டை இவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆறிய ராகிக் கூழ், குழைந்த தயிர் சாதம், பருப்பு போட்டுப் பிசைந்த இட்லி, மசித்த குச்சிக்கிழங்கு எல்லாம் ஆகும். எல்லாவற்றையும் ஸ்பூனில், எதிர்ப்பக்கமாக. காரமும் புளிப்பும் ஒரு வாரம் ஒதுங்கட்டும்.

இளநீர் குடிக்கலாம், கடைக்காரரிடம் ஸ்ட்ரா வேண்டாம் என்று சொல்லி டம்ளரில் ஊற்றிக்கொள்ளுங்கள். மாம்பழக் காலத்தில் பல் எடுத்தால் மல்கோவாவை மசித்து ஸ்பூனில் சாப்பிடலாம். கொட்டையைச் சப்பக் கூடாது. ஸ்ட்ராவில் உறிஞ்சாதே என்றால் எல்லாருக்கும் புரிகிறது. மாங்கொட்டை சப்புவதும், முருங்கைக்காய் சப்புவதும், நல்லி எலும்பை உறிஞ்சுவதும் அதே வேலையைத்தான் செய்கிறது என்று யாரும் யோசிப்பதில்லை.

தட்டுவடை செட்டுக்கு இரண்டு வாரம் பொறுங்கள். நொறுங்கிய தட்டுவடைத் துண்டு கூராக இருக்கும், குழிக்குள் போனால் குத்தி நிற்கும். பொரி, முறுக்கு, கடலை, எள்ளும் அப்படித்தான்.

புகையிலை, பான், வெற்றிலைச் சுண்ணாம்பு பற்றிச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்தேன், சொல்லியே ஆக வேண்டும். வலிக்கு நல்லது என்று புகையிலையைக் குழிப் பக்கம் அடக்கிக்கொள்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது புண்ணை ஆறவே விடாது. சிகரெட் குறைந்தது மூன்று நாள், முடிந்தால் ஒரு வாரம் தொடாதீர்கள். கிராம்புத் தைலத்தையும் நீங்களாகக் குழிக்குள் ஊற்றாதீர்கள், சதை வெந்துவிடும்.

வலி திரும்பி ஏறினால்

இதை நிதானமாகப் படியுங்கள். வலி ஒவ்வொரு நாளும் கொஞ்சமாவது இறங்க வேண்டும். இரண்டு நாள் இறங்கிவிட்டு மூன்றாம், நான்காம் நாள் திடீரென்று ஏறினால், காதுப்பக்கம் இழுத்தால், வாயில் துர்நாற்றம் வந்தால், குழி வெறுமையாகத் தெரிந்தால் ட்ரை சாக்கெட்டாக இருக்கலாம். மேல் தாடையைவிடக் கீழ்த் தாடையில்தான் அதிகம் வரும். நான் ஒரு ராத்திரி முழுக்கத் தாங்கியது வீண். மறுநாள் டாக்டர் குழியை மருந்து நீரில் கழுவி, கிராம்பு மணக்கும் மருந்துத் துணி ஒன்றைச் சின்னக் கத்தரிக்கோல் இடுக்கியால் உள்ளே வைத்தார். அந்த வாசனை மூக்கில் ஏறிக் கொஞ்ச நேரத்தில் தோள்பட்டை தானாகத் தளர்ந்தது. அவ்வளவு நேரம் தோளை இறுக்கிக்கொண்டு இருந்திருக்கிறேன் என்பதே அப்போதுதான் தெரிந்தது. ஓரிரு முறை துணியை மாற்றினார்கள், ஆறிவிட்டது. எல்லாக் கவனமும் எடுத்தும் சிலருக்கு இது வரும். வந்தால் உடனே போங்கள்.

மூன்று நாளுக்குப் பிறகும் வீக்கம் ஏறினால், 101 டிகிரிக்கு மேல் காய்ச்சல் அடித்தால், சீழ் வந்தால், அன்றைக்கே காட்ட வேண்டும். மறுநாளும் உதடோ நாக்கோ மரத்தே இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், நரம்பு கொஞ்சம் நசுங்கியிருக்கலாம். பெரும்பாலும் வாரங்களிலோ மாதங்களிலோ சரியாகும், ஆனால் அவர் குறித்து வைத்துக் கவனிக்க வேண்டும். விழுங்க முடியவில்லை, மூச்சு விடச் சிரமம், கழுத்து வரை வீக்கம் இறங்கியிருக்கிறது என்றால் கிளினிக் திறக்கும் வரை பார்க்காதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு நேராகப் பெரிய ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

ஒரு வாரத்துக்குப் பிறகு

கரையாத தையல் போட்டிருந்தால் ஐந்திலிருந்து ஏழு நாளுக்குள் பிரிப்பார்கள். கரையும் தையல் என்றால் ஒரு நாள் நூல் நாக்கில் தட்டுப்படும், இழுக்காதீர்கள்.

வாய் முழுக்கத் திறக்காது. தாடைத் தசை இறுகியிருப்பதால் அப்படி. சரியாக இருக்கும்போது உங்கள் கையின் நடு மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பற்களுக்கு நடுவே வைக்க முடியும். மூன்றாம், நான்காம் நாளிலிருந்து வெதுவெதுப்பான ஒத்தடம் கொடுத்து, வலிக்கும் எல்லை வரை மட்டும் மெதுவாகத் திறந்து மூடுங்கள். அண்ணன் மகளுக்கு நான்காம் நாள் ஒரு விரல்தான் போனது. தினமும் காலையில் விரலை வைத்துப் பார்த்துப் போனில் சொல்வாள். பத்தாம் நாள், "அத்தை, மூணு விரல்" என்றாள். இரண்டு வாரம் தாண்டியும் திறக்கவில்லை என்றால் காட்ட வேண்டும்.

குழி மூடுவதற்கு அவசரப்படாதீர்கள். ஈறு மேலே கூட மூன்று, நான்கு வாரம் ஆகும், உள்ளே எலும்பு நிறைய சில மாதங்கள். அதுவரை சாப்பாடு உள்ளே போய்த் தங்கும். டாக்டர் வளைந்த முனை உள்ள ஊசியில்லாத சிரிஞ்சு ஒன்று கொடுத்தால், அவர் சொன்ன நாளிலிருந்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரை நிரப்பி, முனையைக் குழி வாயில் வைத்து மெதுவாகத் தள்ளுங்கள். இரண்டு நாள் முன்பு சாப்பிட்ட கீரை வெளியே வரும்.